நீலக் கூடைக்கு அஞ்சு

மிஷின் வர்றதுக்கு முன்னாடி எங்க மேசையில ஆறு பேர் இருந்தோம். ஆறு பேருக்கும் சேர்த்து ஒழுங்கான கால் முட்டின்னு பார்த்தா மூணோ நாலோ தேறும். எல்லாரும் அம்பதைத் தாண்டினவங்க. லைன்ல வர்ற ஒவ்வொரு டயப்பரையும் கையில எடுத்து, மடிப்பு சரியா இருக்கா, ரெண்டு பக்க ஒட்டும் நேரா இருக்கா, நடுவுல பஞ்சு எங்கயாவது கட்டி தட்டியிருக்கான்னு தடவிப் பார்க்கணும். நல்லதை எதிர்ல இருக்கிற பெல்ட்ல போடணும். டேமேஜை இடது பக்கம் நீலக் கூடையில போடணும். இருபத்திரண்டு வருஷமா இதுதான் என் வேலை. சொல்லப் போனா மூளைக்கு இதுல ஒரு வேலையும் கிடையாது, எல்லாம் விரல் நுனிதான்.

நான் சேர்ந்த புதுசுல குழந்தைங்க டயப்பர். இடுப்புப் பக்கம் கரடி படம் போட்டு வரும். மூணு லைன் ஓடும், மூச்சு விட நேரம் இருக்காது. அப்புறம் ஊருல குழந்தைங்க குறைய ஆரம்பிச்சது. இதைப் பத்தி பேப்பர்ல எல்லாம் பின்னாடிதான் எழுதினாங்க, எங்க மேசைக்கு முதல்லயே தெரியும். மூணு லைன் ரெண்டாச்சு, ரெண்டு ஒண்ணாச்சு, அந்த ஒண்ணும் பாதி நாள் ஈயோட்டிச்சு. ஒரு நாள் கரடி அச்சு உருளையைக் கழட்டி வெளியில சுவத்தோரமா சாய்ச்சு வெச்சாங்க. அடுத்த வாரமே பெரியவங்க சைஸ் ஓட ஆரம்பிச்சது. அதுல படம் கிடையாது, வெறும் வெள்ளை.

"ஏன், வயசானா கரடி பிடிக்காதா?"ன்னு கேட்டாங்க அண்ணி.

அண்ணின்னா என் வீட்டுக்காரரோட அக்கா, என் நாத்தனார். ரெண்டாவது சீட்டு அவங்க, மூணாவது நான். என்னை இந்த வேலையில சேர்த்து விட்டதே அவங்கதான். எங்க வீட்டுல இருந்து ரெண்டு தெரு தள்ளி தனியா இருந்தாங்க. புருஷன் போய் பத்து வருஷம். நாக்கு கொஞ்சம் நீளம், ஆனா கை சுத்தம். அந்தக் காலத்துல அவங்க வேகத்துக்கு யாரும் ஈடு கொடுக்க முடியாது.

ஊரு மாறினது எங்க வீட்டுக்குள்ளயே தெரியும். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட பஸ் ஓட்டிட்டு இருந்தார். பிள்ளைங்க இல்லாம பள்ளிக்கூடத்தை மூடிட்டாங்க. அதே கட்டடத்தை வயசானவங்களுக்கான பகல் காப்பகம் ஆக்கினாங்க. இவரும் அதே பஸ்ல பாதி சீட்டைக் கழட்டிட்டு, சக்கர நாற்காலி ஏத்தற பலகையை மாட்டிக்கிட்டு, அதே வழியில அதே ஸ்டாப்புங்கள்ல ஆளை ஏத்திட்டுப் போனார். "ஏறுறவங்கதான் மாறியிருக்காங்க, அடம் மாறல"ன்னுவார். எங்களுக்கு ஒரே பொண்ணு, வேற நாட்டுல இருக்கா. கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை வேண்டாம்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டாங்க. அது அவங்க இஷ்டம். கரடி லைனை மூடினதுல எங்க வீட்டுக்கும் பங்கு உண்டுன்னு அண்ணி கிண்டல் பண்ணுவாங்க.

அண்ணியோட அப்பா, என் மாமனார், எங்க வீட்டுல படுக்கையில இருந்தார். மூணு வருஷம். இடது பக்கம் முழுக்க விழுந்து போச்சு. பேச்சும் போச்சு. ஒரு நாளைக்கு நாலு தடவை மாத்தணும். சாயங்காலம் அண்ணி வந்து ஒரு பக்கம் பிடிப்பாங்க, நான் ஒரு பக்கம் பிடிச்சுத் திருப்புவேன். கனமான மனுஷன். திருப்பினதும் என்னை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். நன்றியா எரிச்சலான்னு நான் ஆராய்ச்சி பண்ணினதில்லை.

இப்ப அந்தக் கூடை விஷயத்துக்கு வர்றேன். டேமேஜ் பீஸை எல்லாம் சாயங்காலம் அரைக்கிற மிஷின்ல கொட்டணும், அதுதான் சட்டம். ஆனா எங்க மேசைக்குன்னு ஒரு வழக்கம் இருந்தது. யார் வீட்டுல படுக்கையில ஆள் இருக்கோ, அவங்க கூடையில இருந்து அஞ்சு எடுத்துக்கலாம். நாலு அன்னைக்கு மாத்த, ஒண்ணு கைக்காவலுக்கு. ஒட்டு கோணலா இருந்தா என்ன, மடிப்பு பிசகியிருந்தா என்ன, படுத்திருக்கிறவருக்கு எல்லாம் ஒண்ணுதான். டேமேஜ் குறைஞ்ச நாள்ல நல்லதே டேமேஜ் ஆயிடும், போகப் போக அதுவே தினப் பழக்கம் ஆயிடுச்சு. ரெண்டு மணிக்கு சூப்பர்வைசர் டீ குடிக்கப் போவார், ரெண்டு இருபதுக்குத் திரும்புவார். ரெண்டுமணின்னுதான் அவருக்கு நாங்க பேரே வெச்சிருந்தோம். அந்த இருபது நிமிஷத்துல, தேவைப்படறவங்க கை நல்ல பீஸோட இடது பக்கம் அஞ்சு தடவை போகும். பக்கத்துல இருக்கிறவங்க தலையைக் குனிஞ்சுக்குவாங்க. யாரும் யாரையும் கேட்டது கிடையாது. முதல்ல முதல் சீட்டுக்காரியோட அம்மாவுக்காக அவ செஞ்சா, அப்புறம் ஆறாவது சீட்டுக்காரி, அப்புறம் எங்க முறை. ஒரே வீட்டுக்கு ரெண்டு கூடை எதுக்குன்னு அண்ணி என்கிட்டயே விட்டுட்டாங்க. என்னைக்காவது எனக்கு உடம்பு முடியலைன்னா மட்டும் அவங்க கூடையில அஞ்சு தள்ளுவாங்க.

போன வருஷம் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு உட்கார வெச்சு சொன்னார். ஆர்டர் மூணு மடங்கு ஆயிடுச்சு, ஊருல வேலைக்கு ஆள் கிடைக்கவே மாட்டேங்குது, இளசுங்க எல்லாம் வெளியூர் போயிட்டாங்க, அதனால பார்த்துப் பிரிக்கிறதுக்கு மிஷின் வாங்கியாச்சு.

"ஆள் கிடைக்கலைன்னு ஆறு ஆளை உட்கார வெச்சு சொல்றீங்களே, அப்ப நாங்க என்ன ஆவியா?"ன்னு அண்ணி கேட்டாங்க.

"நீங்களும் இன்னும் எத்தனை வருஷத்துக்கும்மா?"ன்னார் மேனேஜர். கோபமா எல்லாம் சொல்லல. உண்மையிலயே தெரிஞ்சுக்கிற மாதிரிதான் கேட்டார்.

மிஷின் பழகணுமாம். அதுக்காக ஒவ்வொருத்தர் கைக்கும் ஒரு முழம் மேல ஒரு கேமரா மாட்டினாங்க. முகம் விழாது, கை மட்டும்தான்னு இன்ஜினியர் சொன்னார். முப்பத்தஞ்சு வயசு இருக்கும், அதுக்குள்ள முன் தலையில வழுக்கை. நல்ல மாதிரி, எல்லாரையும் அக்கான்னுதான் கூப்பிடுவார். மூணு மாசம் எங்க கை செய்யறதைப் பார்க்கும், அப்புறம் யார் கை ஒரே சீரா இருக்கோ அந்தக் கையை வெச்சு மிஷினுக்குச் சொல்லித் தருவாங்க. ஆறு கையையும் போட்டா அது குழம்பிடும். எந்தக் கையை எடுத்துக்கிறாங்களோ அந்த ஆள் மட்டும் மிஷின் பக்கத்துல இருப்பாங்க. மத்த அஞ்சு பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

எனக்கு அந்த சீட்டு வேணும். பூசி மெழுக ஒண்ணும் இல்லை. வீட்டுக்காரருக்கு ஒரு கண்ணுல புரை விழுந்திருக்கு, அடுத்த தடவை லைசென்ஸ் புதுப்பிச்சுத் தருவாங்களான்னே சந்தேகம். வீட்டுல நிக்கப் போறது என் வேலை ஒண்ணுதான். அண்ணிக்கும் அந்த சீட்டு வேணும். அவங்களுக்கு அவங்களை விட்டா யாரு இருக்கா? நாங்க ரெண்டு பேரும் இதைப் பத்திப் பேசிக்கல. சாயங்காலம் எப்பவும் போல வந்தாங்க, மாமாவைத் திருப்பினோம், போனாங்க.

கேமரா வந்த அன்னைக்கே மேசையில எல்லாருக்கும் தெரியும், கூடை வழக்கம் இனி கிடையாதுன்னு. யாரும் வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருக்கல. நானும் நிறுத்திட்டேன். நிறுத்திட்டேன்னுதான் நினைச்சேன்.

ஆனா சாயங்காலம் பார்த்தா என் கூடையில பீஸ் இருக்கும். அஞ்சை எடுத்துப் பையில போட்டுக்குவேன். ஒரு நாள் மாமாவுக்கு மாத்தும்போது அண்ணி கேட்டாங்க, "கேமரா வெச்ச பிறகும் உனக்கு தினம் அஞ்சு எப்படி கிடைக்குது?"

"இப்ப டேமேஜ் நிறைய வருது அண்ணி. பஞ்சு மட்டமா போடறாங்க"ன்னேன்.

நான் பொய் சொல்லல. அப்படித்தான் நம்பினேன். அந்தப் பீஸை விரிச்சுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். நான் பார்க்கல. நாள் பூரா அதையேதான பார்க்கிறோம், வீட்டுக்கு வந்தும் யாரு பார்ப்பா?

மூணு மாசம் முடிஞ்சு பேர் சொன்னாங்க. மூணாவது சீட்டு. நான். ஒரே சீரான கைன்னு இன்ஜினியர் ஒரு தாளைக் காட்டினார், அதுல கோடு ஆடாம அசையாம நேரா போச்சு. அண்ணியோட கோட்டையும் காட்டினார். அங்கங்க நின்னு நின்னு போகுது. "ரெண்டாவது சீட்டு வேகம்தான், ஆனா நடுநடுவுல தயங்குறாங்க. எதையோ யோசிக்கிற மாதிரி"ன்னார்.

அண்ணி அந்தத் தாளைப் பார்த்துட்டு, "யோசிச்சது தப்பா போச்சா"ன்னாங்க.

போறவங்க அஞ்சு பேருக்கும் ஆளுக்கு ஒரு பெட்டி டயப்பர் கொடுத்தாங்க. பெரிய பெட்டி, மேல ரிப்பன் கட்டியிருந்தது. "தொலைநோக்கோட கொடுத்திருக்காங்க"ன்னு அண்ணி சொன்னதும் எல்லாரும் சிரிச்சோம். அஞ்சு பெட்டியையும் ஒண்ணொண்ணா வாசல் வரைக்கும் நான்தான் தூக்கிட்டுப் போனேன். பெட்டியைக் கையில வாங்கினவங்க என் முகத்தைப் பார்க்கல. நானும் அவங்களைப் பார்க்கல.

மிஷின் வந்தது. மேசை இருந்த இடத்துல இப்ப ஒரு நீளமான கண்ணாடிக் கூண்டு. உள்ள வெளிச்சம், ரெண்டு இரும்புக் கை. பெல்ட்டு எங்க காலத்தை விட அஞ்சு மடங்கு வேகம். நல்லதைத் தள்ளி விடும், டேமேஜை ஒரு சரிவுல உருட்டி விடும். சரிவுக்குக் கீழ அதே நீலக் கூடை. பக்கத்துல ஒரு நாற்காலி, அதுல நான். கூடையில விழறதைக் கையில எடுத்துத் திரும்பப் பார்க்கணும். நெஜமாவே டேமேஜ்னா அரைக்கப் போடணும், நல்லதா இருந்தா பெல்ட்டுக்குத் திருப்பி விடணும். மிஷின் நல்லா பழகற வரைக்கும்தான் இந்த ஏற்பாடு.

மாமாவுக்கு அப்ப அண்ணியோட ரிப்பன் பெட்டிதான் ஓடிட்டு இருந்தது. மூணாவது வாரம் மாமா போயிட்டார். பகல்ல, நான் வேலையில இருந்தப்ப. அண்ணிதான் கூட இருந்தாங்க, அப்ப அவங்களுக்கு வேலை இல்லையே. போன் என் லாக்கருக்குள்ள பூட்டியிருந்தது, வெளியில வந்து பார்த்தப்ப பதினொரு தடவை அடிச்சிருந்தாங்க. வீட்டுக்குப் போனேன். எல்லாம் நடந்தது. எனக்கு ஒரு சொட்டு அழுகை வரல. "மூணு வருஷம் பார்த்த மருமக, கல்லு மாதிரி நிக்கறா பாரு"ன்னு யாரோ சொன்னது காதுல விழுந்தது. நின்னேன்தான். கட்டில் எவ்வளவு பெருசுன்னு பார்த்துட்டு நின்னேன். நாலாம் நாள் வேலைக்குப் போயிட்டேன்.

அண்ணி பகல் காப்பகத்துல வேலைக்குச் சேர்ந்தாங்க. ஆளுங்களைத் தூக்கி உட்கார வைக்கிறது, கழுவி விடறது. அம்பத்தேழு வயசு, ஒரு தோள்பட்டை ஏற்கனவே ஒத்துழைக்காது. அங்கயும் ஆள் கிடைக்கலையாம், அதனால எடுத்துக்கிட்டாங்க.

மிஷின் நல்லாத்தான் பழகிச்சு. ஒரே ஒரு விஷயம் தவிர. தினம் ரெண்டு மணியில இருந்து ரெண்டு இருபதுக்குள்ள அஞ்சு நல்ல பீஸைத் தூக்கிக் கூடையில போடும். மீதி நேரத்துல ஒண்ணு கூடத் தப்பா போடாது. இன்ஜினியர் தலையைப் பிச்சுக்கிட்டார். அந்த நேரத்துல ஜன்னல் வெயில் படுதுன்னு திரை போட்டார். கேமரா கண்ணாடியைத் துடைச்சார். விளக்கை மாத்தினார். மறுநாள் ரெண்டு மணிக்கு அஞ்சு பீஸ், டக் டக்குன்னு வந்து விழுந்தது.

"இந்த அஞ்சு மட்டும் சரியாயிட்டா போதும்க்கா"ன்னார். அப்புறம் ஏதோ தப்பு பண்ணின மாதிரி என்னைப் பார்த்து, "ஆனா அது சரியாயிட்டா இந்த நாற்காலி தேவைப்படாது. மேனேஜர் அப்படித்தான் சொல்லியிருக்கார். உங்ககிட்ட மறைக்கக் கூடாதுன்னு சொல்றேன்"ன்னார்.

"மெதுவாவே சரி பண்ணுங்க"ன்னேன். சிரிச்சார்.

அப்ப எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. தினம் அந்த அஞ்சையும் எடுத்து, பார்த்து, பெல்ட்டுக்குத் திருப்பி விட்டுட்டு இருந்தேன். நல்லாத்தான இருக்கு, இதுக்கு என்ன வந்துச்சுன்னு நினைச்சுக்குவேன். ரெண்டு மாசம் இப்படியே ஓடுச்சு. அப்புறம் ஒரு நாள் அஞ்சாவது பீஸ் விழுந்தது. நான் அதை எடுத்தேன், மத்த நாலையும் சேர்த்து அடுக்கினேன், குனிஞ்சு நாற்காலிக்கு அடியில இருந்த என் பையோட ஜிப்பைத் திறந்தேன். திறந்து ஒண்ணை உள்ள வெச்சும் ஆச்சு. அப்பத்தான் நான் என்ன பண்ணிட்டு இருக்கேன்னே எனக்குத் தெரிஞ்சது.

ரெண்டு மணி. அஞ்சு. அது என் கை. கேமராவுக்குக் கீழ மூணு மாசமும் என் கை அது பாட்டுக்கு அதோட வேலையைப் பார்த்திருக்கு. நான் நிறுத்தச் சொன்னது அதுக்குப் போய்ச் சேரவே இல்லை. தயங்காம, ஒரே சீரா, தினம் அஞ்சு நல்ல பீஸைத் திருடியிருக்கேன், அதைப் பார்த்துத்தான் இது பழகியிருக்கு. கேமராவுக்காக யோசிச்சு யோசிச்சு ஒழுங்கா வேலை பார்த்தவங்க அண்ணி. அவங்க கோடு அதனாலதான் அப்படி நின்னு நின்னு போச்சு.

பையில இருந்ததை எடுத்துப் பெல்ட்டுல போட்டேன்.

அன்னைக்கு சாயங்காலம் காப்பகத்துக்குப் போனேன். பள்ளிக்கூடமா இருந்தப்ப எப்படியோ அப்படியேதான் இருக்கு. கை கழுவற தொட்டி எல்லாம் முழங்கால் உயரத்துல. சுவத்துல குழந்தைங்க உயரம் அளக்கிற கோடு, ஒட்டகச்சிவிங்கி படத்தோட. அண்ணி அதுக்குப் பக்கத்துல உட்கார்ந்து தோள்பட்டைக்கு மருந்து தேய்ச்சுட்டு இருந்தாங்க.

"தூக்கி விடறதுக்கு இங்கயும் மிஷின் வருதாம், அடுத்த வருஷம்"ன்னாங்க. "இந்தத் தடவை கேமராவுக்குக் கீழ யோசிக்க மாட்டேன்."

நான் சுத்தி வளைக்காம சொல்லிட்டேன். அந்த அஞ்சு, ரெண்டு மணி, என் கை, எல்லாம். "அந்த சீட்டு உங்களோடது அண்ணி. நியாயப்படி உங்களோடது."

அவங்க தேய்க்கிறதை நிறுத்தல. "எனக்குத் தெரியும்"ன்னாங்க.

"என்ன தெரியும்?"

"உன் கை போறது. பக்கத்துலதான இருந்தேன். முதல் நாளே பார்த்தேன். ரெண்டு மணி ஆனா தூக்கத்துல நடக்கிறவ மாதிரி உன் கை போகும், கண்ணு எங்கயோ இருக்கும். உனக்கே தெரியலைன்னும் தெரிஞ்சது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவே. நிறுத்தினா அப்பாவுக்கு என்ன பண்றது?" மருந்து டப்பாவை மூடினாங்க. "இன்னொண்ணும் இருக்கு. கேமராவுல நீ மாட்டுவேன்னு நினைச்சேன். மாட்டினா அடுத்த கை என்னோடதுதான். அதுக்காகவும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

"எதுக்காக நிஜமா?"

"ரெண்டுக்கும்தான்"னாங்க. "எடை போட்டுப் பார்க்கல."

எனக்குக் கோபம் வரும்னு எதிர்பார்த்தேன். வரல. அவங்களுக்கும் என் மேல இருந்த மாதிரி தெரியல. உள்ள யாரோ பெரியவர் கூப்பிட்டார், எழுந்து போனாங்க. நான் பஸ்ஸுக்குக் காத்திருந்து வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர்கிட்ட எதுவும் சொல்லல.

வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா அந்த நாற்காலி எனக்கு இன்னும் ரெண்டு வருஷம், மூணு வருஷம் கூட இருந்திருக்கும். அப்படி இருக்கிறதாத்தான் முடிவு பண்ணியிருந்தேன். யாருக்கு என்ன நஷ்டம்? அஞ்சு நல்ல பீஸ் விழுது, அஞ்சையும் திருப்பித்தான் விடறேன். இந்த ஊருல இதை விட உருப்படாத வேலைக்கெல்லாம் ஆள் இருக்கு.

அதுக்கடுத்த வாரம் இன்ஜினியர் மடிக்கணினியோட வந்து என் பக்கத்துல உட்கார்ந்தார். முகம் தெளிஞ்சிருந்தது. "கண்டுபிடிச்சாச்சுக்கா. உங்க ரெக்கார்டுல மூணு நாள் விட்டுப் போயிருக்கு, நீங்க லீவு போட்டிருக்கீங்க."

"மாமாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தோம்."

"ஆமா. அந்த மூணு நாளைக்கு ரெண்டாவது சீட்டோட ரெக்கார்டை எடுத்து நிரப்பியிருக்காங்க. தப்பு அங்க இருந்துதான் வந்திருக்கணும். உங்க கை சுத்தம், அந்தக் கைதான் தடுமாறுது. வேணும்னே மிஷினைக் கெடுத்திருக்காங்கன்னு எழுதச் சொல்றார் மேனேஜர். அவங்க இப்ப காப்பகத்துல இருக்காங்களாமே? காப்பகத்துக்கு டயப்பர் நம்ம கம்பெனிதான கொடுக்குது. அங்கயும் சொல்லிடுவார் போல."

தட்டச்சு பண்ண ஆரம்பிச்சார். ரெண்டாவது சீட்டுன்னு எழுத்து எழுத்தா திரையில வந்தது. நான் அதைப் பார்த்துட்டே இருந்தேன். நான் மாட்டணும்னு அண்ணி வாயை மூடிட்டு இருந்தாங்க. இப்ப நான் மூடிட்டு இருந்தா சரிக்குச் சரி ஆயிடும். ரெண்டு நிமிஷம் எங்கயாவது வேடிக்கை பார்த்தா போதும், பெரிய காரியம் ஒண்ணும் இல்லை. அவங்க தோள்பட்டைக்கு மருந்து தேய்ச்சது ஞாபகம் வந்தது. அந்தத் தோளாலதான் மூணு வருஷம் மாமாவோட அந்தப் பக்கத்தைத் தூக்கினாங்க.

"அது ரெண்டாவது சீட்டு இல்லை"ன்னேன். "என் கை."

"அக்கா, உங்க ரெக்கார்டு தொண்ணூத்தொம்பது சதவீதம் சுத்தம்."

"மீதி ஒண்ணு அதுதான்."

விரலை நிறுத்தினார். நான் ஒண்ணு விடாம சொன்னேன். கூடை வழக்கத்துல மத்தவங்க பேரை மட்டும் இழுக்கல, என் கையை மட்டும் சொன்னேன். கேட்டு முடிச்சுட்டு, "அஞ்சு எதுக்கு? ஏன் சரியா அஞ்சு?"ன்னார்.

"நாலு தடவை மாத்தணும். ஒண்ணு கைக்காவலுக்கு."

"இப்ப எப்படி இருக்கார்?"

"போயிட்டார். மிஷின் வந்து மூணாவது வாரம்."

அவர் கண்ணாடிக் கூண்டைப் பார்த்தார். இரும்புக் கை ரெண்டும் போய் வந்துட்டு இருந்தது. "அது இதுக்குத் தெரியாதே"ன்னார் மெதுவா.

சரி பண்றதுக்கு அரை நாள் கூட ஆகல. என் ரெக்கார்டுல ரெண்டு மணியில இருந்து ரெண்டு இருபது வரைக்கும் எல்லா நாளையும் வெட்டி எடுத்துட்டு, மீதியை மறுபடி பழக்கினார். திருட்டைப் பத்தி மேனேஜர்கிட்ட எழுதல, நேரக் கோளாறுன்னு எழுதிட்டார். நல்ல மாதிரின்னு முதல்லயே சொன்னேனே. அதனால என்னை யாரும் திட்டல. மறுநாளே எனக்கும் பெட்டி வந்துடுச்சு, ரிப்பன் கட்டி. அன்னைக்கு ஒரு நாள் மட்டும் உட்கார்ந்து சரியா ஓடுதான்னு பார்த்துட்டு, சாயங்காலம் போகலாம்னாங்க.

ரெண்டு மணி ஆச்சு. சூப்பர்வைசர் ரெண்டுமணி வழக்கம் போல டீ குடிக்கப் போனார். இப்ப அவர் பார்த்துக்கிறதுக்கு லைன்ல ஆள் யாரும் இல்லை, ஆனாலும் போனார். இன்ஜினியர் என் பக்கத்துல நின்னுட்டு இருந்தார். நான் சரிவுக்குக் கீழ கையை வெச்சுக்கிட்டு உட்கார்ந்தேன், தினம் வைக்கிற மாதிரி. ரெண்டு அஞ்சு ஆச்சு. ரெண்டு பத்து. பெல்ட்டு அது பாட்டுக்கு ஓடுது, நல்லது எல்லாம் நல்லதோட போகுது. ரெண்டு இருபது. கூடை காலியா இருந்தது.

"சரியாயிடுச்சுக்கா"ன்னார்.

"இன்னும் கொஞ்சம் பாருங்க."

"நேரம் தாண்டிடுச்சுக்கா. இனி விழாது."

"இன்னும் கொஞ்ச நேரம் பாருங்க"ன்னேன். கையை எடுக்க முடியல. மாமாவுக்கு அஞ்சு வேணும்னு இந்த உலகத்துல நினைச்சுட்டு இருந்தது இந்த மிஷின் ஒண்ணுதான். மாமாவோட கட்டில்ல வீட்டுக்காரர் துணி மடிச்சு வைக்க ஆரம்பிச்சுட்டார். அண்ணி சாயங்காலம் வர்றதில்லை. இது மட்டும்தான் தினம் ரெண்டு மணிக்கு மறக்காம எடுத்து வெச்சுது. அதையும் நானே வாயைத் திறந்து நிறுத்திட்டேன்.

அப்ப வந்தது அழுகை. மாமா போன அன்னைக்கு வராதது, கல்லுன்னு சொன்னப்ப வராதது. மாமாவுக்காக அழறேனா, நாற்காலிக்காக அழறேனான்னு தெரியல. ரெண்டுக்கும்தான். சத்தம் போட்டு அழுதேன், மிஷின் சத்தத்துல யாருக்கும் கேட்டிருக்காது.

இன்ஜினியருக்கு என்ன பண்றதுன்னு தெரியல. பாக்கெட்டைத் தடவினார், கர்ச்சீப் இல்லை. சுத்தி முத்தி பார்த்தார். அப்புறம் பெல்ட்டுல கையை விட்டு, ஓடிட்டு இருந்ததுல ஒரு டயப்பரை எடுத்து என்கிட்ட நீட்டினார். கைக்கு எட்டின தூரத்துல துடைக்க வேற எதுவும் இல்லை.

வாங்கினேன். மடிப்பைப் பார்த்தேன், ரெண்டு பக்க ஒட்டையும் பார்த்தேன், நடுவுல பஞ்சைத் தடவினேன். நல்ல பீஸ்தான். அதுலயே முகத்தைத் துடைச்சுக்கிட்டேன்.